தராசு முள் ஐந்தில் நின்ற நாள்

கோயில் முற்றத்தில் மூன்று கம்புகளைக் கூட்டிக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். நடுவில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற பழைய தராசு தொங்கியது. தராசின் கொக்கியில் என் மனைவியின் மஞ்சள் சேலை. வெறும் சேலையோடு முள்ளைச் சுழியில் வைத்த பிறகு, தூளிக்குள் என் மகள்.

பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமைக் காலை. மலை உச்சிக்கு வெயில் வந்துவிட்டது, எங்கள் கோயிலுக்கு இன்னும் வரவில்லை. பனிமூட்டம் டர்பன்டைன் மரங்களுக்கு நடுவே வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்து, திரும்பிப் போயிற்று. கற்பூர வாசமும், கீழே தொழிற்சாலையிலிருந்து வறுபட்ட தேயிலை வாசமும் ஒன்றாக வந்தன. அந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் கண் கலங்கும்.

"ஆட்டாதீங்க. யாரும் கிட்ட வராதீங்க," என்றார் பூசாரி.

யாரும் தொடவில்லை. ஆனாலும் முள் ஆடியது. ஏன் என்று உற்றுப் பார்த்தேன். பிள்ளை மூச்சு விடுகிறாள். மூச்சு உள்ளே போகும்போது முள் ஒரு மயிரிழை நகர்கிறது, வெளியே வரும்போது பழைய இடத்துக்குத் திரும்புகிறது. என் மகளின் மூச்சை அந்தப் பித்தளை முகத்தில் நான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு அவள் தூங்கிப் போனாள். முள் அடங்கி ஐந்தில் நின்றது.

"அஞ்சு!" என்று கத்தினாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்லம்மா அக்கா.

என் மனைவி மகேஸ்வரி என்னைப் பார்த்தாள். "அஞ்சு றாத்தல்னா எவ்வளவுங்க?"

"ரெண்டரைக் கிலோ," என்றேன் நான்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகை. அந்த 'ரெண்டரைக் கிலோ'வைச் சொன்னவன் நான்தான். அந்தச் சொல் எங்களை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

மூன்று றாத்தல் பிள்ளை

எங்களுக்குப் பதினான்கு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்ததைப் போன வாரம் சொல்லியிருந்தேன். இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போனது. மூன்றாவது தங்கியது. ஆனால் அவசரக்காரி. ஏழாம் மாசம் முடிந்து எட்டு தொடங்கும்போதே வந்துவிட்டாள்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஒரு கிலோ நானூறு. ஊரிலிருந்து வந்த எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை றாத்தல்?" எங்கள் பக்கம் பாண் என்கிற ரொட்டியும் றாத்தல்தான், பிள்ளையும் றாத்தல்தான். "கிட்டத்தட்ட மூணு றாத்தல்," என்பேன். கேட்டவர்கள் என் தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் தாதி ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "சூடு முப்பத்தாறு இருக்கு," என்று எழுதினார். எனக்குத் தெரிந்த காய்ச்சல் கணக்கு தொண்ணூற்றெட்டு, நூறு, நூற்றிரண்டு. முப்பத்தாறு என்றால் பிள்ளை விறைத்துப் போய்விட்டதா? "முருகா!" என்று கத்தியேவிட்டேன். அந்தத் தாதி என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு என்று சொல்லிப் புரியவைத்தார். மகேஸ்வரி அந்த வலியிலும் சிரித்தாள். "முருகனுக்கே மூச்சு நின்னிருக்கும், நீங்க போட்ட சத்தத்துல."

டாக்டர் ஐயா ஒரு எல்லை சொன்னார். இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிட்டால் பயம் பெரும்பாலும் போய்விடும். அதுவரை நெஞ்சோடு அணைத்தே வைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் இருக்கிற திசையைப் பார்த்து மகேஸ்வரி வேண்டிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"மாரியாத்தா, இவ ரெண்டரைக் கிலோ ஆகட்டும். ஒஞ் சன்னதிக்குத் தூக்கிட்டு வந்து எடைக்கு எடை சர்க்கரை போடறேன்."

எங்கள் வீட்டுக் கணக்கு

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் எனக்கு வேலை. மலையிலிருந்து கொழுந்து கிலோவில் வரும். அதைப் பரப்புகிற தொட்டியின் நீளம் அடியில். அதற்குள் விடுகிற காற்றின் சூடு பாரன்ஹீட்டில். தண்ணீர்த் தாங்கி கேலனில், டீசல் லீட்டரில். பச்சைக் கொழுந்தின் வாசத்துக்கு நடுவே பாதித் தூக்கத்தில் நின்றபடி இதையெல்லாம் மாற்றி மாற்றிப் படித்தே எனக்கு இருபது வருஷம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தாலும் அதே கதை. காணி கேட்டால் பேர்ச்சில் சொல்வார்கள். வீட்டுப் படம் மீட்டரில் இருக்கும். கூரைத் தகரம் அடி, ஆணி அங்குலம், சிமெந்து கிலோ. சட்டைத் துணியை மீட்டரில் வாங்கிக்கொண்டு போனால் தைக்கிறவர் கெஜக் கணக்கில் கேட்பார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்கு நானே ஒரு சுருக்குவழி வைத்திருந்தேன். ஒரு மீட்டர் மூன்று அடி. ஒரு றாத்தல் அரைக் கிலோ. முடிந்தது கணக்கு.

இந்தச் சுருக்குவழியால் முதலில் அடிபட்டது செல்லம்மா அக்கா. எங்கள் சமையல் குசினிக் கூரை ஒன்பது அடி. மழைத் தண்ணீர் பிடிக்க மூன்று மீட்டர் பீலி வாங்கி மாட்டினேன். மாட்டிப் பார்த்தால் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பெய்த மழை முழுக்க அக்காவின் வாசற்படியில் கொட்டியது.

"தம்பி, ஒங்க வீட்டு மழைய ஒங்க வீட்டுலயே வச்சிக்கிட்டா என்னா?" என்று அவள் கேட்ட கேள்வி எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பிரசித்தம்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஒரு சாண் பீலிதானே என்று வெட்டி எறிந்துவிட்டேன்.

வளரும் அரிசி

கோயில் தராசு றாத்தல் தராசு. கொழுந்து கிலோவுக்கு மாறிய பிறகு தொழிற்சாலையில் அதற்கு வேலை இல்லை. தூக்கிப்போட மனமில்லாமல் யாரோ கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். திருவிழா அன்னதானத்துக்கு அரிசி நிறுப்பது அதில்தான்.

அதில் ஒரு அதிசயம் இருந்தது. ஐம்பது கிலோ மூட்டையை அவிழ்த்து, குடும்பத்துக்கு இவ்வளவு என்று நிறுத்துப் பொங்கக் கொடுப்போம். நூறு றாத்தலில் மூட்டை முடிய வேண்டும். முடியாது. நூற்றுப் பத்து வரைக்கும் வரும். வருஷா வருஷம் இப்படித்தான். அம்மன் சன்னதியில் அரிசி வளரும் என்பது எங்கள் தோட்டத்து நம்பிக்கை. மஸ்கெலியாவில் கட்டிக்கொடுத்த பிள்ளைகள்கூட அந்தக் கூடுதல் அரிசியில் ஒரு பிடி கேட்டு அனுப்புவார்கள்.

நானும் நம்பினேன். கைகூப்பி அந்த அரிசியை வாங்கிக் கண்ணில் ஒற்றியிருக்கிறேன்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை பிள்ளையை இறக்கிவிட்டு, அதே சேலையில் சர்க்கரையைக் கட்டித் தொங்கவிட்டபோது நடந்தது எங்களுக்கு அதிசயமாகவும் இருந்தது, அதிசயமில்லாமலும் இருந்தது. சர்க்கரை என்றால் சீனி அல்ல. தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி உறையவைத்த கித்துள் பனைச் சர்க்கரை. பிள்ளை எட்டிவிட்டாள் என்ற நம்பிக்கையில் லிந்துலை டவுனில் நான் கணக்காக இரண்டரைக் கிலோ வாங்கி வந்தது. பத்துப் பதினொரு பாதிச் சிரட்டைகள்.

முள் ஐந்தைத் தாண்டி ஐந்தரையில் போய் நின்றது.

"கடைக்காரரு கூடப் போட்டிருக்காரு," என்றேன்.

"யாரு, அந்த முதலாளியா?" மகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஒரு பல்லி மிட்டாய் கூடப் போட மாட்டாரு."

"அம்மன் வளத்துட்டாடி," என்றாள் செல்லம்மா அக்கா. கூடியிருந்தவர்கள் குலவை போட்டார்கள்.

எடைக்கு எடை என்றால் எடைக்கு எடைதான், கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்றார் பூசாரி. ஒரு பாதிச் சிரட்டையை எடுத்தோம். முள் சரியாக ஐந்துக்கு வந்தது. எடுத்ததைப் பூசாரி தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். "அம்மனுக்குன்னு வந்தது. சாமித் தட்டுல வைங்க. சும்மா தின்னுராதீங்க."

வெயில் அப்போதுதான் முற்றத்துக்கு வந்தது. பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு தும்மினாள். அவ்வளவு சின்னத் தும்மல். எல்லாரும் சிரித்தோம்.

புதன்கிழமை

மறுநாள் தோட்டத்து கிளினிக். மகேஸ்வரி பிள்ளைக்குப் புதுக் குல்லாய் போட்டு, தலை நிமிர்ந்து போனாள். இதுவரைக்கும் அந்த வரிசையில் அவள் தலை நிமிர்ந்து நின்றதே இல்லை.

மருத்துவமாது துணியெல்லாம் கழற்றிப் பிள்ளையைத் தட்டில் கிடத்தினார். அவர் சிங்களக்காரர், எங்கள் தமிழும் பேசுவார். தராசில் சிவப்பு இலக்கம் எரிந்தது. இரண்டு கிலோ இருநூற்று எழுபது.

"நல்லா கூடியிருக்கு அம்மா. போன தரம் ஒண்ணு தொள்ளாயிரத்து அம்பது."

"இல்ல மிஸ், நேத்து ரெண்டரை இருந்துச்சு," என்றாள் மகேஸ்வரி.

"நேத்தா? எங்க நிறுத்தீங்க?"

"கோயில்ல. எல்லாரும் பாத்தாங்க. இவரும் பாத்தாரு."

மருத்துவமாது எழுதுவதை நிறுத்தினார். பிள்ளையைத் தூக்கி, தராசைச் சுழிக்குக் கொண்டு வந்து, மறுபடி வைத்தார். அதே இலக்கம்.

"வயித்தால போகுதா? வாந்தி எடுக்குதா? பால் குடிக்குதா?"

ஒன்றும் இல்லை என்றோம். அவர் பிள்ளையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். "இந்தக் கார்டுப்படி பிள்ளை நல்லா இருக்கு. ஆனா ஒரே நாள்ல இருநூத்து முப்பது கிராம் இறங்கினது நிசம்னா அது சும்மா விடற விசயம் இல்ல. பொழுது போறதுக்குள்ள பால் குடிக்க மறுத்தா நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாளைக்குக் காலையில நான் வீட்டுக்கு வந்து நிறுக்கிறேன்." பிறகு மகேஸ்வரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பய வென்ன எப்பா," என்றார். பயப்படாதே என்று அவர் பாஷையில்.

பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா?

தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்தோம். பாதி வழியில் நின்றாள்.

"ஏங்க, அம்மன் சன்னதியில அரிசி வளருது. சர்க்கரை வளந்துச்சு. எம்புள்ள மட்டும் கொறைஞ்சிருச்சா?"

நான் பிள்ளையின் குல்லாயை இழுத்துக் காதை மூடினேன்.

"எடைக்கு எடைன்னு நான்தானே சொன்னேன். சர்க்கரைய வாங்கிக்கிட்டு இவ எடையையும் எடுத்துக்கிட்டாளா?"

"அப்பிடியெல்லாம் சொல்லாத மகேசு. தாய் அவ."

"தாய்தான். நானுந்தான் தாய்."

அப்படிச் சொல்லிவிட்டு அவளே பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தவள், சோறு தண்ணீர் ஒன்றையும் தொடவில்லை. ஒவ்வொரு தடவை பிள்ளை பால் குடிக்கும்போதும் வாயில் எத்தனை மடக்கு இறங்குகிறது என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். பகலா, கனவா என்று தெரியாத மாதிரி ஒரு பகல். குசினியில் பீலித் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

பாண் வாங்கப் போனேன்

சாமித் தட்டில் அந்தத் தாள் பொட்டலம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனசுக்கு ஒன்று தோன்றியது. முதலாளி கை தவறிக் கூடப் போட்டிருந்தால், அந்தக் கூடுதல் அவருடைய பொருள். அடுத்தவர் பொருளைக் கலந்து அம்மன் முன்னால் வைத்துவிட்டோம். அந்தக் குற்றமாக இருக்குமோ? திருப்பிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமோ?

நாலு மணி பஸ்ஸில் லிந்துலைக்குப் போனேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். பொட்டலத்தை மேசையில் வைத்தேன்.

"என்னா தம்பி இது?"

"நீங்க கூடப் போட்டது முதலாளி. திருப்பித் தர வந்தேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நானா? கூடப் போட்டேனா?"

"ஆமாங்க."

"மெதுவாச் சொல்லு. வெளிய கேட்டா நாளைக்குத் தோட்டமே வந்து நிக்கும்." நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "முதலாளிக்கு ஒடம்பு சரியில்லையோ?" என்றார். முதலாளி சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே மானக்கேடாக இருந்தது. "முப்பது வருஷமா நிறுக்கிறேன். கொறைச்சும் போட்டதில்ல, கூடவும் போட்டதில்ல. ரெண்டரை கேட்ட, ரெண்டரை குடுத்தேன்."

பொட்டலத்தை அவிழ்த்துத் தராசில் வைத்தார். இருநூற்று முப்பது.

காலையில் மருத்துவமாது சொன்ன அதே இருநூற்று முப்பது.

"எதுல நிறுத்துப் பாத்த?" என்று கேட்டார்.

"கோயில் றாத்தல் தராசுல. அஞ்சு வரணும், அஞ்சரை வந்துச்சு."

"ஏன் அஞ்சு வரணும்?"

"ரெண்டு றாத்தல் ஒரு கிலோதானே?"

முதலாளி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு பாணை எடுத்துத் தராசில் வைத்தார்.

"இது என்னா?"

"ஒரு றாத்தல் பாண்."

"எத்தனை காட்டுது?"

"நானூத்தி அம்பத்தி மூணு."

"அரைக் கிலோன்னா ஐந்நூறு காட்டணுமா இல்லையா?"

பிறந்ததிலிருந்து றாத்தல் பாண் தின்கிறேன். ஒரு நாளாவது நிறுத்துப் பார்த்தேனா?

அவர் இரண்டாவது பாணை வைத்தார். மூன்று. நான்கு. கடைசியில் ஐந்தாவதை மேலே ஏற்றி, சரிந்து விழாமல் விரலால் லேசாகப் பிடித்து, விட்டார். இலக்கம் ஓடி ஓடி நின்றது. இரண்டு கிலோ இருநூற்று அறுபத்தெட்டு.

அடுப்பிலிருந்து வந்து இன்னும் ஆறாத பாண். அதன் மேல் ஆவி மெல்ல எழுந்தது. ஐந்து பாணையும் பார்த்துக்கொண்டே நின்றேன். என் மகள் அவ்வளவுதான். நேற்றும் அவ்வளவுதான், இன்றைக்கும் அவ்வளவுதான். ஒரு கிராமும் அவளிடமிருந்து யாரும் எடுக்கவில்லை. சர்க்கரையும் வளரவில்லை. தப்பு முழுக்க என் வாயில் இருந்தது.

அழுதுவிட்டேன். கடையில் நின்றவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் முதலாளி அந்தச் சர்க்கரையை மறுபடி தாளில் சுற்றினார். அவரே சுற்றினார், நூல் போட்டுக் கட்டினார்.

"இது ஒன்னுது தம்பி. புள்ள இன்னும் வளர வேண்டியது இதுக்குள்ளதான் இருக்கு. பத்திரமாக் கொண்டு போ."

தொட்டிலில்

மகேஸ்வரி காலையில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். ஒரு பாணையும் பொட்டலத்தையும் அவள் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. பாண் நானூற்று ஐம்பது, கிலோ ஆயிரம் என்று ஏதேதோ சொன்னேன். அவள் கேட்டாளா என்றே தெரியவில்லை.

"அந்தச் சர்க்கரைய இங்க குடுங்க," என்றாள்.

ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து பறித்துச் சுமந்த கை அது. தராசுக்காரர் சொல்லும் முன்பே கூடையின் எடையைச் சொல்லிவிடுவாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் அந்தப் பாதிச் சிரட்டை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மெல்ல ஏந்திப் பார்த்தாள்.

"நேத்துக் கோயில்லயே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ரெண்டரைக் கிலோன்னா இன்னும் கனக்கணுமேன்னு. முள்ளப் பாத்ததும் கைய நம்பல."

"என் பேச்ச நம்புன."

"ஆமா. ஒங்க பேச்ச." திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் திறந்து உள்ளங்கையைப் பார்த்தாள். "இவ்வளவுதானா? இன்னும் இவ்வளவு வளந்தாப் போதுமா?"

"அவ்வளவுதான்."

அதை வெள்ளைத் துணியில் முடிந்து தொட்டிலின் கால்மாட்டில் கட்டினாள். பிறகு பாணைப் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். வெறும் பாண். முக்கால் றாத்தலை ஒரே மூச்சில் சாப்பிட்டுவிட்டு, "பீலிய அளந்த ஆளுகிட்டப் போயி எடையக் கேட்டேன் பாருங்க," என்றாள்.

மறுநாள் காலையில் மருத்துவமாது சொன்னபடி வந்தார். இருபது கிராம் கூடியிருந்தது. தொட்டிலில் கட்டியிருந்த முடிச்சு என்னவென்று கேட்டார். சொன்னோம். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். முடிச்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்குத்தான் வேறொரு பாரம் இருந்தது. கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேரம் வருமுன்னே நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்ட குற்றத்தைச் சொன்னேன். அரிசி வளரவில்லை, நம் கணக்குதான் வளர்ந்தது என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதைச் சொல்லும்போது அம்மன் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பூசாரி விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே கேட்டார்.

"நூத்துக்குப் பத்து கூட வருதுன்னு நம்பி, ஒவ்வொரு வருசமும் பக்கத்துத் தோட்டத்து ஆளையும் கூப்புட்டோம்ல?"

"ஆமாங்க."

"யாராச்சும் பசியோட எந்திரிச்சுப் போனாங்களா?"

"இல்லைங்க."

"அப்ப அத அவகிட்டயே விட்ருவோம்." கையைத் துடைத்துக்கொண்டார். "சர்க்கரை விசயம் வேற. புள்ளயோட எடைக்கு எடை குடுத்தாச்சு, அது பொய்யில்ல. மிச்சத்த, புள்ள வளந்ததும் அவளையே கொண்டு வரச் சொல்லு."

முள்

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். மருத்துவமாதுவின் தராசு இரண்டரையைத் தாண்டிவிட்டது என்று கேட்ட அந்த வெள்ளிக்கிழமையே புறப்பட்டோம். இந்த முறை யாரையும் கூப்பிடவில்லை. செல்லம்மா அக்கா மட்டும் கூப்பிடாமலே வந்தாள்.

துணி முடிச்சை அவிழ்த்தால் சர்க்கரை வியர்த்துப் பளபளவென்று இருந்தது. ஒரு ஓரத்தில் எறும்பு அரித்திருந்தது. மகேஸ்வரி பதறினாள். "எறும்பு வாயில போனதும் அவ வாயில போனதுதாம்மா," என்று சொல்லி, பூசாரி அதை இலையில் வைத்து அம்மன் காலடியில் வைத்தார். எங்கள் நேர்த்தி அத்துடன் தீர்ந்தது.

திரும்பிப் போகலாம் என்றேன். மகேஸ்வரி நகரவில்லை.

"தராச மாட்டுங்க."

"கிளினிக்லதான் பாத்தாச்சே."

"அது அவங்க கணக்கு. நான் இதுல பாக்கணும்."

கம்புகளைக் கூட்டிக் கட்டினேன். தராசை மாட்டினேன். அதே மஞ்சள் சேலை. மூட்டம் அன்றைக்கும் மரங்களுக்கு நடுவே வந்து நின்றது. பிள்ளை விழித்திருந்தாள். தூளிக்குள் கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். முள் அங்கும் இங்கும் ஓடியது. நாங்கள் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அவள் எதையோ பார்த்தாள். மரத்துக்கு மேலே வெளுத்த வானமாக இருக்கலாம். ஒரு நொடி அசையாமல் கிடந்தாள்.

முள் ஐந்தைத் தாண்டிப் போய் நின்றது. அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டரைக் கிலோ சர்க்கரையும் முழுதாக இருந்தபோது எங்கே நின்றதோ, அங்கே.

"அஞ்சரை," என்றாள் மகேஸ்வரி. எத்தனை கிலோ என்று என்னைக் கேட்கவில்லை.